நன்றி என்ற சொல்

ரௌசன் சிறைவாசலில்
அண்ணன் வருவான் என்றுதான் நின்றிருந்தேன்.
வந்தது ஒதிலியாவின் பிக்கப்.
எலீசியோ பாதி வர்ணம் அடித்து
பாதியை அப்படியே விட்டுப்போன வண்டி.
"உன் அண்ணனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. ஏறு."

அதன்பின் நூற்றெழுபது கிலோமீட்டர்
காற்றுதான் பேசிக்கொண்டு வந்தது.
அதுவும் ஒரே பேச்சு.
பின்னால் தார்ப்பாய்க்குள் ஏதோ தடதடத்தது.
தெற்கே போகிறவர்கள் இந்தச் சாலையில்
ஸ்டியரிங்கைக் கொஞ்சம் வலப்பக்கம் ஒடித்தே பிடிக்க வேண்டும்;
கோணலாகப் பிடித்தால்தான் நேராகப் போகும்.
எனக்கு எலீசியோ சொல்லித் தந்தது.
அவளும் அப்படித்தான் பிடித்திருந்தாள்.

காலடியில் தெர்மாஸ், மாத்தே இலை,
சுரைக்குடுவை, உறிஞ்சுகுழல்.
"ஊற்று" என்றாள்.
ஒரே குழல், மாறி மாறிக் குடிப்பது.
எங்கள் பக்கம் போதும் என்பதற்கு
நன்றி என்போம்.
அதைச் சொல்லும்வரை குடுவை வந்துகொண்டே இருக்கும்.
முதல் குடுவை ஊற்றுகிறவனுக்கு. கசந்தது.
இரண்டாவதை நீட்டினேன்.
தொடாமலே
"நன்றி" என்றாள்.

கொமொதோரோ வந்தது.
எண்ணெய்க் கிணறுகளின் இரும்புத் தலைகள்
ஆமாம் ஆமாம் என்று ஆடின.
ஓட்டியது எலீசியோவா என்று போலீஸ் கேட்டபோது
நான் ஆட்டியதும் அப்படித்தான்.

"பதினான்கு நாள்" என்றாள்,
எங்கோ நடுவில் விட்ட பேச்சைத் தொடர்பவள்போல.

மறுக்க வர மாட்டான் என்ற தைரியத்தில்
செத்தவன் கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்தேன்.
பதினான்கு நாள் ஊர் முழுக்க
அவன்தான் குடித்துவிட்டு ஓட்டியவன்.
அதற்குள்தான் அவனைப் புதைத்தார்கள்.
பெட்டி தூக்க ஆறு பேர் வேண்டும்,
ஐந்து பேர்தான் வந்தார்களாம்.
ஆறாவது கைப்பிடியைத் தாதேயோ பிடித்தான்.
ஒன்பது வயது.
பதினைந்தாம் நாள் உண்மையைச் சொன்னேன்,
மண் இறுகிய பிறகு.

"நீ ஓட்டினாய், அவன் செத்தான்.
மாறியும் நடந்திருக்கலாம், அது சாலை.
இந்தப் பதினான்கு நாள் இருக்கிறதே,
அது நீ."

ஹாராமிஜோ தாண்டியதும் வேகம் குறைத்தாள்.
"காகிதத்தில் ஒரு எண் போட்டிருக்கிறார்கள்.
எனக்கு இடம் வேண்டும்."

காட்டினேன்.
ஆறு வருஷம் எனக்குள் ஒரு மாவட்டமாக வளர்ந்திருந்த இடம்
இரண்டு வேலிக்கம்பங்களுக்கு நடுவே அடங்கிக் கிடந்தது.
கம்பியில் ஒரு கொத்துக் குவானாக்கோ மயிர்.
எதிர்ப்பக்கம், தாகத்தில் செத்த யாரோ ஒருத்திக்கென்று
லாரிக்காரர்கள் வைத்துப்போகும் தண்ணீர் பாட்டில்கள்.

"கடைசியாக ஏதாவது சொன்னானா?"

உன் பெயரைச் சொன்னான் என்று சொல்லலாம்.
மறுக்க வர மாட்டான்.

"ஹீட்டரைக் கூட்டு என்றான்."

ஒதிலியா என்னைப் பார்த்தாள், முதல்முறையாக.
பிறகு சிரித்தாள்,
அது சிரிப்புதான் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரமானது.
"ஜூலையில் பிறந்த ஜென்மம்,
குளிர் என்றால் ஆகவே ஆகாது."
மூக்கைச் சட்டைக்கையில் துடைத்துக்கொண்டாள்.
"மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே."
"இல்லை."

வண்டி கிளம்பி ஒரு மேடு ஏறி இறங்கியதும்
சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டினாள்.
தண்ணீர் ஆறியிருந்தது. ஊற்றினேன்.
குழல் கரகரக்கும்வரை உறிஞ்சித் திருப்பித் தந்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
மறுபடி ஊற்றினேன்.
விரும்பிய துறை என்று பெயர் வைத்த எங்கள் ஊரின்
பலகை வருவதற்குள் ஏழு குடுவை.
கடைசியில் இலையில் ருசியே இல்லை,
வெறும் பச்சை வெந்நீர்.
அதையும் குடித்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.

என் வீட்டுக்கு முன்னால் அவள் வீடு.
வாசலில் தாதேயோ, அப்பன் தோளோடு.
என்னைப் பார்க்கவில்லை.
தார்ப்பாயை அவிழ்த்தான்.
கொமொதோரோவிலேயே வாங்கியிருப்பாள் போல, இரும்புக் கணப்படுப்பு,
ஒற்றை ஆள் சுமை இல்லை.
ஒரு பக்கம் அவன் பிடித்தான்.
மறுபக்கம் கொஞ்ச நேரம் காலியாக இருந்தது.
பிடித்தேன்.

படி வந்தபோது மட்டும்
"மெதுவா" என்றான்.